இரண்டு குட்டை, ஒரு நீட்டு

டிரைவரின் பெண்டாட்டிக்கு அது ஹாரன் சத்தமே இல்லை. அது அவளுடைய பேர்.

கல்யாணமாகி வந்த முதல் வாரத்தில் தொடங்கியது. டூரிஸ்ட் பஸ்ஸை ஷெட்டில் விடப் போகிற வழியில் தெருமுனையைத் தாண்டும்போது அவர் ஒரு ஹாரன் அடிப்பார். பாம், பாம், பாஆஆம். பத்து நிமிஷம் கழித்து, கக்கத்தில் துண்டை இடுக்கிக்கொண்டு நடந்து வருவார். எதிர்வீட்டுக்காரி அதைக் கேட்டுவிட்டு, "உன் வீட்டுக்காரரு உன் பேரைக் கூப்பிட்டுட்டுப் போறாரு பாரு. ரெண்டு குட்டை, ஒரு நீட்டு. உன் பேரும் அப்படித்தானே" என்று சிரித்தாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள். ஆனால் இவள் உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டு, தன் பேரை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது.

அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் போய்விடுகிற விஷயம் என்று தோன்றியது. அதற்குத் தகுந்த மாதிரி, வாயால் அவள் பேரை அவர் சொல்லவே மாட்டார். "ஏய்", "இந்தா", "இங்க பாரு" இவ்வளவுதான். மகள் பிறந்த பிறகு அதுவும் குறைந்து, "பாப்பா, அம்மாவைக் கூப்பிடு" என்று ஆகிவிட்டது. ஒரே அறையில், இரண்டு அடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு. செல்போனில் அவள் நம்பரை "வீடு" என்று போட்டு வைத்திருந்தார். அதனால் என்ன, தெருவே கேட்க ஹாரனில் கூப்பிடுகிறாரே என்று அவள் பதினொரு வருஷம் ஓட்டிவிட்டாள். பேக்கரிக்கு அட்டைப்பெட்டி மடிப்பது அவள் வேலை. நாள் முழுக்க மடித்து மடித்து விரல்நுனி காய்ச்சுப் போயிருக்கும். சாயங்காலம் அந்த மூன்று சத்தமும் கேட்டவுடன் கையிலிருக்கும் அட்டையை அப்படியே போட்டுவிட்டு அடுப்பைப் பற்ற வைக்க ஓடுவாள்.

அவர் ஆறு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கடற்கரை டிரிப் அடிக்கிறார். விடியற்காலை நகரத்தில் ஏற்றி, ஒன்பதரைக்கு அந்தச் சின்ன ஊர்க் கடற்கரையில் இறக்கி, சாயங்காலம் ஐந்துக்குக் கிளப்பி, ராத்திரி திரும்புவார். இவள் ஒரு தடவைகூடப் போனதில்லை. சீட் காலியிருக்காது. இந்த ஞாயிறு பஸ்ஸை எடுத்தது ஒரு காலை நடைப்பயிற்சிச் சங்கம். அதில் ஒரு அம்மாவுக்கு நடக்கும்போதே கால் பிசகிவிட்டது. சீட் சும்மாதானே போகிறது, உங்க வீட்டம்மாவைக் கூட்டிட்டு வாங்களேன் என்று டூர் மேனேஜர்தான் சொன்னார்.

அவர் வீட்டில் வந்து சொன்ன விதம் இவளுக்குச் சரியாகப் படவில்லை.

"வேணும்னா வா. அங்க என்ன இருக்கு, தண்ணிதான்."

"நான் வரக்கூடாதா?"

"வராதன்னா சொன்னேன்?"

வராதே என்று சொல்லவில்லைதான். ஆனால் வா என்றும் சொல்லவில்லை. அந்த நடுவாந்தரம்தான் ராத்திரி முழுக்க அவளைத் தூங்கவிடவில்லை. மகளை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு, பீரோவில் மடித்து வைத்திருந்த நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

டிரைவர் சீட்டுக்கு நேர் பின்சீட் கிடைத்தது. அவருடைய பின்கழுத்தை இவ்வளவு நேரம் அவள் பார்த்ததே இல்லை. கண்ணாடியில் அவர் கண் மட்டும் தெரிந்தது, அதுவும் ரோட்டைத்தான் பார்த்தது. டூர் மேனேஜர் கையில் ஒரு பேட்டரி மைக் வைத்துக்கொண்டு விடாமல் பேசினார். கழுத்து இருக்கிற எல்லாரும் இடதுபக்கம் திரும்புங்கள், வலதுபக்கம் திரும்புங்கள் என்றார். பிறகு முக்கியமான விஷயம் என்று சொல்லி, டிரைவர் ஐந்து மணி என்றால் ஐந்து மணி, ஒரு தடவை மாப்பிள்ளையை விட்டுவிட்டுப் பெண்ணை மட்டும் கொண்டுபோய் ஊரில் சேர்த்தவர், பெற்ற தாயே லேட்டாக வந்தாலும் காத்திருக்க மாட்டார் என்று மிரட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பின்கழுத்தில் ஒரு மடிப்பு விழுந்தது. இவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஒன்பதரை. பஸ் ஒரு வளைவில் திரும்பியது. வரிசையாகக் கடைகள், அதற்கு அந்தப் பக்கம் பளீரென்று கண்ணைக் கூசுகிற மாதிரி கடல். எல்லாரும் ஓவென்று எழுந்து நின்றார்கள். இவளும் எழுந்தாள். அப்போது அவர் கை ஹாரனுக்குப் போனது.

பாம், பாம், பாஆஆம்.

இவளுக்குப் பழக்கதோஷத்தில் அடுப்பு ஞாபகம் வந்தது. அடுத்த நொடி, நான்தான் இங்கே பின்னாடியே இருக்கேனே, அப்புறம் யாரை என்று தோன்றியது. தோன்றி முடிப்பதற்குள் தகரக்கூரை போட்ட ஒரு ஓட்டலுக்குள்ளிருந்து ஒரு பொம்பளை கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்து, பஸ்ஸைப் பார்த்து வாயெல்லாம் பல்லாக நின்றாள்.

நாற்பத்தைந்து வயது இருக்கும். அழகு என்று சொல்ல முடியாது. அகலமான உடம்பு, சிரித்தால் தோள் இரண்டும் குலுங்கியது. முழங்கை வரைக்கும் மீன் செதில் ஒட்டி ஜிகினா ஒட்டின மாதிரி மின்னியது. அழகாக இருந்திருந்தால்கூட ஒரு வகையில் தேவலை என்று இவளுக்குப் பட்டது. அழகு இல்லாமல் ஒருத்தியைப் பார்த்து அவர் இப்படிச் சிரிக்கிறார் என்றால் விஷயம் ஆழமாகத்தான் இருக்க வேண்டும். ஆமாம், அவர் சிரித்தார். கடைவாய்ப் பல் தெரிய.

"என்ன முதலாளி, அடுப்பு பத்திக்கிச்சா?" என்றார் அவர்.

"டிரைவரே, உங்க சத்தம் கேட்டா அடுப்பு தானாவே பத்திக்கும். இது யாரு, புதுசா?"

"எங்க வீட்ல."

"வீட்லயா? வீடே நடந்து வந்துருச்சா?" என்று அந்தம்மா குலுங்கினாள். பிறகு இவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய் ஃபேனுக்கு நேராக உட்கார வைத்தாள். இரண்டு கிளாஸ் டீ வந்தது. இவள் ஒரு வாய் குடித்துவிட்டு, பழக்கத்தில் அவர் கிளாஸைத் தொட்டு, ஆற்றிக் கொடுக்கலாம் என்று எடுத்தாள்.

"அது அவருது. சர்க்கரை போடாதது" என்றாள் ஓட்டல்காரம்மா.

இவள் கிளாஸைக் கீழே வைத்தாள். வீட்டில் பதினொரு வருஷமாக இரண்டு ஸ்பூன் போடுகிறாள். ஒரு நாள்கூட அவர் வேண்டாம் என்று சொன்னதில்லை. மெதுவாக, எப்போதிலிருந்து சர்க்கரை இல்லாமல் என்று கேட்டாள். எப்பவுமே எனக்கு அப்படித்தான் பிடிக்கும் என்றார். பிறகு ஏன் வீட்டில் சொல்லவில்லை என்றால், "நீ போட்டுட்டே. அப்புறம் என்னத்தச் சொல்றது" என்றார். வெகு சாதாரணமாக.

நடைப்பயிற்சிச் சங்கம் மணலுக்குப் போய் ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலியை வாடகைக்கு எடுத்து உட்கார்ந்தது. வருஷம் முழுக்க நடந்தவர்கள் அன்றைக்கு ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. அவர் பஸ்ஸைப் புங்கமரம் போல ஏதோ ஒரு மரத்து நிழலில் நிறுத்திவிட்டு டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நீங்களும் வாங்க, தண்ணி பக்கம் போகலாம் என்று இவள் கூப்பிட்டதற்கு, மண்ணு செருப்புல ஒட்டினா பிரேக் மிதிக்கும்போது வழுக்கும், ஆறு வருஷத்துல நான் மணல்ல காலே வச்சதில்ல என்றார். சரி, இந்த ஒன்றாவது தனக்குத் தெரிந்ததே என்று தனியாகப் போனாள். கடல் பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் அவள் கண் அடிக்கொரு தரம் தகரக்கூரைக்குத்தான் போனது. அலை வந்து கணுக்காலை நனைத்ததுகூட இரண்டாவது அலைக்குத்தான் தெரிந்தது. அரைமணி நேரத்தில் ஓட்டலுக்கே திரும்பி வந்துவிட்டாள்.

வந்தால் கை சும்மா இருக்குமா. மேஜை ஓரத்தில் பார்சல் பெட்டி அட்டைகள் தட்டையாக அடுக்கிக் கிடந்தன. ஒன்றை எடுத்தாள், மடித்தாள். இன்னொன்று. ஓட்டல்காரம்மா வெங்காயம் நறுக்கி முடித்துத் திரும்பிப் பார்ப்பதற்குள் அட்டை மொத்தமும் பெட்டியாகி, மேஜைமேல் கோபுரம் போல நின்றது.

"அம்மாடி" என்று அந்தம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். "அவரு சொன்னது நெசந்தான். எங்க வீட்ல பொட்டி மடிக்கிறதைப் பாத்தா கண்ணுக்கு விரலே தெரியாதுன்னு சொல்லுவாரு. நான் சும்மா அளக்குறாருன்னு நெனச்சேன்."

"அவரா சொன்னாரு?"

"வாராவாரம் சொல்லுவாரு. காய்ச்சலோட ஒரு ராத்திரி முழுக்க உக்காந்து ஏதோ கல்யாண ஆர்டரை முடிச்சுக் குடுத்தியாமே. அதை நாலு தடவை சொல்லிட்டாரு."

இவளுக்குச் சந்தோஷம் வரவேண்டிய இடம் இது. வந்தது கோபம். அந்தக் காய்ச்சல் ராத்திரி அவர் கட்டிலில் திரும்பிப் படுத்துக்கொண்டு, லைட்டை அணைக்க மாட்டியா என்று மட்டும்தான் கேட்டார். தன்னைப் பற்றின நல்ல பேச்சுகூடத் தனக்கு வராமல் நூறு மைல் தாண்டி அந்தம்மாவுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. எவ்வளவு பேசியிருப்பார். வீட்டில் நாலு வார்த்தைக்கு மேல் போனால் தொண்டை வலிக்கும் மனுஷன்.

மதியம் சங்கத்துக்காரர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு டிரைவர் சாப்பிட உட்கார்ந்தார். தட்டு கேட்காமலே வந்தது. மீனில் நடுத்துண்டு. குழம்பில் மிளகாயை எடுத்துவிட்டு ஊற்றியிருந்தது. இவளுக்கும் ஒரு தட்டு. சாப்பிட்டுப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. கல்லோ முள்ளோ ஏதாவது அகப்படுமா என்று பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டாள். ஒன்றும் அகப்படவில்லை.

சாப்பாடு பாதியில் இருக்கும்போது ஓட்டல்காரம்மா ஒரு துணியில் சூடாக வறுத்த உப்பை மூட்டை கட்டிக் கொண்டுவந்தாள். அவர் அதை வாங்கி, இடதுகாலை நீட்டி முட்டிமேல் வைத்துக்கொண்டார்.

"காலுக்கு என்ன?" என்றாள் இவள்.

"கிளட்ச் காலு. மிதிச்சு மிதிச்சு வலிக்கும்."

"எப்பலேர்ந்து?"

"ஒரு வருசம் இருக்கும்."

சர்க்கரை, மிளகாய், காய்ச்சல் ராத்திரி, இப்போது கால். எல்லாம் இங்கே இருக்கிறது, வீட்டில் என்னதான் இருக்கிறது என்று யோசித்தாள். ஒன்று இருந்தது. அதையும் காலையில் இந்த ஓட்டலுக்கு அடிக்கக் கேட்டாகிவிட்டது. இருந்தாலும் வாய்விட்டுக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்து தண்ணீர் குடித்தாள்.

"ஏங்க. வரும்போது ஒரு ஹாரன் அடிச்சீங்களே. ரெண்டு குட்டை, ஒரு நீட்டு. அது யாருக்கு?"

"யாருக்கா? சாப்பாட்டுக்கு."

"சாப்பாட்டுக்கா?"

ஓட்டல்காரம்மா உதவி செய்கிற நினைப்பில் குறுக்கே வந்தாள். "ஆமாம்மா. நீட்டா ஒண்ணு மட்டும் அடிச்சா டீ. ரெண்டு குட்டை ஒரு நீட்டுன்னா சாப்பாடு, உலையை வையின்னு அர்த்தம். இவருதான் சொல்லிக் குடுத்தாரு. எங்க வீட்ல இப்படித்தான் பழக்கம்னு."

"அப்ப நம்ம தெருவுல அடிக்கிறது?" இவள் அவரையே பார்த்தாள்.

"அதுவும் சாப்பாட்டுக்குத்தான். ஷெட்டுல வண்டியை விட்டுட்டு வர்றதுக்குள்ள நீ சூடு பண்ணி வச்சிருப்பேல்ல. வேற எதுக்கு அடிப்பாங்க?" அவர் ஒரு கவளத்தை உருட்டிக்கொண்டே, நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

இவள் எழுந்தாள். தட்டை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவி வைத்தாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே நடந்தாள். வெயில் கொளுத்தியது. மணல் செருப்பைத் தாண்டிச் சுட்டது. நாற்காலி வரிசையைத் தாண்டி, ஈர மணல் வரைக்கும் போய் உட்கார்ந்தாள்.

பதினொரு வருஷம். அட்டையைப் போட்டுவிட்டு ஓடின ஓட்டம் எல்லாம் சோறு சூடு பண்ண ஓடின ஓட்டம். அவர் பொய் சொல்லவில்லை, ஏமாற்றவில்லை. அவள்தான் ஒரு சத்தத்துக்கு எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறாள். யாரிடம் போய்ச் சண்டை போடுவது. அந்தப் பொம்பளைமேல் பாய்ந்தாலாவது ஆறும், ஆனால் அவள் உப்பு வறுத்ததைத் தவிர என்ன செய்தாள். சண்டை போட ஆள் கிடைக்காத பொறாமை எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வயிற்றில் எரிகிறது, ஊதி அணைக்கவும் வழியில்லை. அலை வந்து சேலைக் கரையை நனைத்துவிட்டுப் போனது. நனையட்டும் என்று விட்டாள்.

நாலரைக்கு நாற்காலிகளை அடுக்கினார்கள். ஐந்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது சங்கம் முழுக்க பஸ்ஸில் ஏறிவிட்டது. மாப்பிள்ளைக் கதைக்கு அவ்வளவு மரியாதை. டூர் மேனேஜர் தலையை எண்ணினார். ஒன்று குறைந்தது. மறுபடி எண்ணினார். டிரைவர் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தார், கடற்கரையைப் பார்த்தார், ஹாரனை அழுத்தினார்.

பாம், பாம், பாஆஆம்.

அவளுக்குக் கேட்டது. முதுகெலும்பு தானாக நிமிர்ந்தது, கால் எழுந்திருக்கப் பார்த்தது. காலைப் பிடித்து அழுத்திக்கொண்டாள். ஓட்டலுக்குள்ளிருந்து அந்தம்மா குழம்பிப்போய் எட்டிப் பார்த்து, இந்த நேரத்தில் எத்தனை பேருக்கு என்று கையால் கேட்டாள். இரண்டாவது தடவை அடித்தார். இவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டூர் மேனேஜர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"அம்மா, டிரைவர் கூப்பிடறாரு. மணி அஞ்சு."

"கூப்பிடலைங்க. அது சாப்பாட்டு ஹாரன். அதை அடிச்சா சாப்பாடுதான் வரும், நான் வரமாட்டேன்."

"அப்ப என்ன செய்யச் சொல்றீங்க?"

"எனக்குப் பேர் இருக்குன்னு சொல்லுங்க."

மேனேஜருக்குத் திரும்பி அவ்வளவு தூரம் ஓட முடியவில்லை. பாதி வழியில் நின்று கையிலிருந்த மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார். "டிரைவர் சார், உங்க வீட்டம்மா தனக்குப் பேர் இருக்குன்னு சொல்றாங்க. சாப்பாட்டு ஹாரனுக்கு வரமாட்டாங்களாம்." பஸ்ஸில் நாற்பது தலையும் ஒரு பக்கமாக ஜன்னலுக்கு வந்தன.

இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது. இவள் திரும்பிப் பார்க்கவில்லை. மணலில் செருப்பு சர்ர் சர்ர் என்று இழுபடுகிற சத்தம் கேட்டது. ஒரு கால் அழுத்தமாக, ஒரு கால் லேசாக. அந்த நடையில் நொண்டல் இருப்பது, காதால் கேட்டபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. வீட்டில் சிமெண்ட் தரையில் இத்தனை நாள் கேட்கவே இல்லையே என்று நினைத்தாள். பத்தடி பின்னால் சத்தம் நின்றது.

"ஏய்" என்றார்.

அலை ஒன்று வந்து போனது.

"இந்தா. எல்லாரும் பாக்கறாங்க."

இன்னொரு அலை.

அவர் தொண்டையைச் செருமினார். பிறகு அவள் பேரைச் சொன்னார். பழக்கமில்லாத வாய், முதல் இரண்டு எழுத்தும் தடுக்கி, கடைசி எழுத்து வேண்டியதற்கு மேலேயே நீண்டது. இரண்டு குட்டை, ஒரு நீட்டு. சொல்லிவிட்டு அவரே ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். எதையோ காதில் மறுபடி ஓட்டிப் பார்க்கிறவர் மாதிரி. பிறகு மெதுவாக, "ஓ" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். இவள் எழுந்து மணலைத் தட்டினாள். திரும்பி நடக்கும்போது அவருடைய இடதுபக்கமாகப் போய், தோள் இடிக்கிற தூரத்தில் நடந்தாள். பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஆனால் இரண்டு தடவை கை பட்டது. பஸ் படியில் உட்கார்ந்து அவர் செருப்பைக் கழற்றி நாலு தடவை தட்டினார். டூர் மேனேஜர் மைக்கை அணைத்துவிட்டார், அன்றைக்கு முதல் தடவையாக. மணி ஐந்து பதினேழு.

பஸ் கிளம்பி ஓட்டலை நெருங்கியது. ஆறு வருஷப் பழக்கம், போய்வருகிறேன் என்று சொல்ல அவர் கை ஹாரனுக்குப் போனது. போன கை பாதியில் நின்றது. கண்ணாடியில் அவர் கண் முதல் தடவையாக ரோட்டை விட்டு அவளைப் பார்த்தது.

"அடிங்க" என்றாள் இவள். "அந்தம்மா பாத்துக்கிட்டு நிக்கிறாங்க."

அவர் அழுத்தினார். பாஆஆம்.

இவள் எண்ணிக்கொண்டிருந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, அடுத்ததுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு. அடுத்தது வரவில்லை.

நீட்டாக ஒன்று என்றால் டீ. ஓட்டல்காரம்மா விழுந்தடித்து உள்ளே ஓடினாள். பஸ் வளைவுக்குப் போவதற்குள் ஒரு கிளாஸ் டீயோடு ரோட்டுக்கு வந்து குறுக்கே நின்றுவிட்டாள். அவர் அசடு வழிந்துகொண்டு பிரேக்கை மிதித்தார். அந்தம்மா கிளாஸை டிரைவர் ஜன்னலுக்கு நீட்டினாள்.

பின் ஜன்னலிலிருந்து ஒரு கை வந்து அதை வாங்கிக்கொண்டது. விரல்நுனி காய்ச்சுப்போன கை, சூடு தெரியவில்லை. அவள் ஊதிக்கூடப் பார்க்காமல் குடித்தாள். சர்க்கரை இல்லை. ஒரே கசப்பு. அவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருக்க, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்து முடித்துவிட்டு, கிளாஸைத் திருப்பிக் கொடுத்தாள்.